மேக்னெட் கவருக்கு நான்கு ஸ்க்ரூ

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்பதால் எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் கடிதம்.

நீ விட்டுப்போன வண்டி, அப்பா கடைகளுக்கு ரொட்டி போட ஓட்டுவாரே, அது நின்றுவிட்டது. அப்பாவே என்ஜின் பக்கத்து மேக்னெட் கவரைக் கழற்றி, உள்ளே அறுந்திருந்த ஒயரைச் சேர்த்தார். ஸ்க்ரூ ஐந்தும் துரு. டீ டம்ளரில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். ஒன்று மட்டும் கைதவறி என் காலடியில் உருண்டது. அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் அந்த டம்ளர் பளிச்சென்று தேய்க்கப்பட்டு அடுப்பங்கரையில் கவிழ்ந்திருந்தது. உள்ளே போட்ட நான்கு ஸ்க்ரூவையும் காணோம். அம்மாவைக் கேட்டால், "எந்த டம்ளர்?" என்கிறாள். அப்பா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாக்கடை வாயில் கைவிட்டு அரித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மிஞ்சிய ஒற்றை ஸ்க்ரூவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கடை கடையாக ஏறினேன். உனக்குத்தான் தெரியுமே, பால் கடையில் மீதிச் சில்லறையைக்கூடக் கேட்காமல் திரும்பிவிடுபவள் நான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் அதை விரலில் உருட்டிப் பார்த்து, "வண்டிக்கு ஸ்க்ரூ தேடாதம்மா, இந்த ஸ்க்ரூவுக்கு வேற வண்டி தேடு" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். இந்த மாடல் நின்று வெகுகாலமாகிவிட்டதாம். பழைய இரும்புக் கடையில் ஒரு டப்பா நிறையக் கொட்டிக் காட்டினார்கள். தலை ஒன்றாயிருந்தால் நீளம் வேறு, நீளம் சரியென்றால் மரைச் சுற்று வேறு. மெக்கானிக்கிடம் கேட்டேன். "மரை சேராததைப் போட்டு முறுக்கினா கவரே போயிடும். கவர் இறுகாம வண்டி கிளம்பாது, தாயி" என்று கைவிரித்துவிட்டார்.

பேக்கரி முதலாளி, வண்டி இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அப்பா இரவல் சைக்கிளில் ரொட்டிக் கூடையைக் கட்டிக்கொண்டு போகிறார். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு மேட்டில் தள்ளுகிறார். கடைசிக் கடைகளுக்கு ரொட்டி போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வேறிடத்தில் வாங்கிவிடுகிறார்கள்.

ஸ்க்ரூவைத் தாளில் வைத்து, சுற்றிக் கோடு போட்டிருக்கிறேன். அங்கே பெரிய கடைகள் இருக்குமே. நான்கு கிடைத்தால் அனுப்பு.

ஏன் தையல் வகுப்புக்கும் போகவில்லை என்று கேட்டாய். வீட்டில் ஓர் ஆள் இருக்கவேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

அன்புத் தங்கை


அன்புள்ள அண்ணனுக்கு,

என் முதல் கடிதம் வந்திருக்கும். ஸ்க்ரூ வாங்கவேண்டாம்.

உன் நீலச் சட்டையை அம்மா தினமும் எடுத்து, உதறி, மடித்து, மறுபடியும் பெட்டியில் வைப்பாள். இதை உன்னிடம் சொல்லவேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். நேற்று அது என் மூக்கருகே வந்தபோது மண்ணெண்ணெய் வாடை அடித்தது. சட்டைப் பையைத் தொட்டேன். நான்கும் இருந்தன, துருப் போகத் துடைத்து.

சந்தோஷத்தில் அப்பாவைக் கூப்பிட வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கத்தாதடி, தம்பி தூங்குறான்" என்றாள். உன்னைத்தான். உள்ளறைக் கட்டிலைக் காட்டினாள். அங்கே தலையணை மட்டும்தான் இருந்தது. பிறகு என் காதோடு, "வண்டியைச் சேத்துப் பூட்டிட்டா அவன் கிளம்பிடுவான்டி. கொஞ்ச நாள் பிரிஞ்சே கிடக்கட்டும்" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. வண்டியைக் கழற்றிப் போட்ட நாள்முதல் அவள் வாசலுக்கு ஓடவில்லை. அதற்கு முன்பு, நான் குளிக்கப் போனாலும் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவாள். யார் வண்டிச் சத்தம் கேட்டாலும் நீதான் போகிறாய் என்று பின்னால் ஓடுவாள். ஒருநாள் லாரிக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுப்போனார். இதையும் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது உனக்கும் சேர்த்து இரண்டு தட்டு வைத்துச் சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். என் பெயரைக்கூடச் சரியாகச் சொல்கிறாள்.

சட்டைப் பையிலிருந்து எடுக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். எடுத்தால் அப்பா வேலை நிலைக்கும், அம்மா தெருவுக்குப் போவாள். எடுக்காவிட்டால் முதலாளி ஆள் மாற்றுவார். இப்போதுகூட அப்பா வாசலில் உட்கார்ந்து, மரை சேராத ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டிருக்கிறார். நான் பார்த்தும் பாராததுபோல் அரிசி களைகிறேன். இதை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

உன்மேல் குறை சொல்லவில்லை. அங்கே லீவு கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் நீ கேட்டால் அவள் கொடுத்துவிடுவாள், அண்ணா. நான் கேட்டால் சட்டைப் பையைப் பொத்திக்கொள்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வரும்போது எதுவும் வாங்கிவராதே. வண்டிச் சத்தம் வேண்டாம், பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வா.

உன் தங்கை