உன் காரின் ஓட்டையெல்லாம் அடைத்துவிட்டேன், மச்சான்

கல்மண்டபத்தை விட்டு ரொம்ப தூரம் போய்விட்ட என் மச்சான் தேசிங்குக்கு,

உனக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். ஆனால் கடைசியில்தான் சொல்வேன். நீ எந்தச் சேதியையும் பாதி கேட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்புகிற ஆள். இப்போது அங்கே அவசர வேலை ஒன்றும் இருக்காது. உட்கார்ந்து கேள்.

நீ போன பிறகு உன் வெள்ளை கார் இரண்டு மழைக்காலம் வீட்டோரச் சுவரை ஒட்டி நின்றது. படகு மூடுகிற நீலத் தார்ப்பாயை நான்தான் போர்த்தி வைத்தேன். தார்ப்பாய்க்கு மழை கட்டுப்படும், கடல் காற்று கட்டுப்படுமா? டிரைவர் சீட்டுக்குக் கீழே ஏற்கெனவே ஒரு துரு ஓட்டை இருந்ததே, துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரி கியூவில் மாட்டிப் பார்த்துக்கொண்டே வேர்க்கடலைத் தோலை நீ தள்ளிவிடுவாயே, அது இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆகிவிட்டது.

அதற்குள் வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டி, பாஸானால்தான் மறுபடியும் ரோட்டில் ஓட்டலாம். காயலான் கடைக்காரர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரை ஒரு உதை உதைத்து, "சொல்லி அனுப்புங்க" என்று போய்விட்டார். அந்த உதை எனக்கு விழுந்த மாதிரி இருந்தது.

உன் பெண்டாட்டி, என் தங்கச்சி கஸ்தூரி, ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "ஒரு தபா காட்டிப் பாரு அண்ணா. பாஸாச்சின்னா வூட்டாண்டயே நிக்கட்டும். இல்லாங்காட்டி அந்தாளுக்கு போன் போட்டுடு. இட்டுகினு போறப்ப மட்டும் எனக்கு சொல்லாத. நான் உள்ள போயி கதவ சாத்திக்கிறேன்."

அவள் அழவில்லை, மச்சான். அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு டிங்கரிங் கடையில் கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். காரைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீ சிரிப்பது கேட்கிறது. பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் நான். ஆனால் ஃபைபர் படகில் ஓட்டை அடைப்பதில் காசிமேட்டில் என் கையைக் குறை சொன்னவன் உண்டா? ஓட்டை எதில் இருந்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. துருவைச் சுரண்டினேன், ரெட் ஆக்ஸைடு அடித்தேன், ஃபைபர் துணியை விரித்து ரெசின் பூசினேன். நாற்றம் தாங்காமல் தெருவே ஜன்னலைச் சாத்தியது. தரை முடிந்ததும் குனிந்து பார்த்தால், நாலு கதவுக்கும் அடி விளிம்பில் சின்னச் சின்னதாய் ஓட்டைகள், வரிசையாக. துரு எவ்வளவு ஒழுங்காகத் தின்றிருக்கிறது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே அதையும் அடைத்தேன். கண்ணில் பட்ட ஒன்றையும் விடவில்லை.

அப்புறம் படகுக்குச் செய்கிற மாதிரியே ஒரு சோதனை. காருக்குள் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிவிட்டு, கீழே படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தத் தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பிழிந்து எடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

மின்சார வேலை எல்லாம் என் மகள் பிரியா பார்த்தாள். செல்போன் சர்வீஸ் கடையில் சேர்ந்திருக்கிறாள், உனக்குத் தெரியாதே. நீ கியர் பக்கத்தில் ஹார்னுக்காக ஒரு காலிங் பெல் சுவிட்ச் வைத்திருந்தாயே, அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஸ்டீயரிங்கிலேயே ஹார்ன் அடிக்கும்படி செய்துவிட்டு, சுவிட்சைக் கழற்றப் போனாள்.

"அதுல கைய வச்ச, அவ்ளோதான்" என்றாள் கஸ்தூரி. அத்தையின் குரலைக் கேட்டதும் பிரியா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டாள். காரணம் உனக்குத் தெரியும். தெரு முனையில் நீ அதை இரண்டு தடவை அமுக்கினால், உள்ளே இவள் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள்.

காட்டப் போன நாளுக்கு முந்தின இரவு நல்ல மழை; வேலை முடிந்ததென்று தார்ப்பாயை எடுத்துவிட்டிருந்தேன். காலையில் கிளம்பினோம். நான் ஓட்ட, கஸ்தூரி முன்னால், பிரியா பின்னால். திருவொற்றியூர் தாண்டி ஒரு சடன் பிரேக் போட்டேன். கதவுக்குள் அலை அடித்தது. நிஜமாகவே அலை.

"இன்னாண்ணா சத்தம்?"

"ரோட்டுல தண்ணி."

"ரோடு காஞ்சி கீது."

மறுபடி பிரேக். சளப். இந்தத் தடவை கதவு இடுக்கு வழியாக அவள் புடவையில் தெறித்தது. ஓரம் கட்டினேன். பிரியா போனைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நைனா, கண்ணாடி வழியா உள்ள எறங்குற மழத்தண்ணி வெளிய போவத்தான் கதவுக்கு அடியில ஓட்ட வச்சிகிறாங்க. நீ அதையுமா அடைச்ச?"

"ஓட்டன்னு ஒண்ணு இருந்தா அடைக்கிறதுதானேம்மா என் தொழிலு?"

டிக்கியிலிருந்து சுத்தியலும் திருப்புளியும் எடுத்தேன். என் கைவேலை அவ்வளவு சுலபத்தில் உடையவில்லை. அந்த நேரத்தில் அதை நினைத்துப் பெருமைப்படுவதா, அழுவதா? ஒருவழியாக முதல் ஓட்டை திறந்ததும் தண்ணீர் என் பேன்ட் மேலேயே பாய்ந்தது. பக்கத்தில் வழக்கம்போல கன்டெய்னர் வண்டிகள் கியூவில் நின்றன. அந்த கியூவில் உன்னைப் பார்த்துப் பழகின ஒரு டிரெய்லர் டிரைவர் தலையை நீட்டினார்.

"தேசிங்கு வண்டிதானே இது? இன்னா மாமு, படகாக்கிட்டியா? வலை எங்க?"

கஸ்தூரி சிரித்தாள், மச்சான். முதலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவுரு மட்டும் இருந்திருந்தா உன்ன தெருத்தெருவா ஓட்டியிருப்பாரு அண்ணா" என்றாள். நீ போனதிலிருந்து உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவாள். அன்றைக்கு முழுசாகச் சொன்னாள். நான் நனைந்த பேன்ட்டோடு தரையில் உட்கார்ந்து மீதி ஓட்டைகளையும் குத்திக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் குத்தினேன்.

அங்கே போனதும் அதிகாரி லைட், பிரேக், வைப்பர் எல்லாம் பார்த்தார். குனிந்து அடிப்பக்கம் தட்டிப் பார்த்தார். கஸ்தூரி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹார்னை அடிக்கச் சொன்னார். ஸ்டீயரிங்கில் அடித்தேன். அப்புறம் அவர் கண் கியர் பக்கம் போனது.

"இது எதுக்கு, காலிங் பெல்லு?"

கஸ்தூரிதான் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு வச்சது சார். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவர் விரலை நீட்டி ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். உன் ஹார்ன் நன்றாகவே கத்தியது. "ரெண்டு ஹார்னா. சரி, ஒண்ணு போனா இன்னொண்ணு" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆமாம் மச்சான், பாஸ். சேதி இதுதான். இன்னும் ஐந்து வருஷம் வண்டி உன் வீட்டு வாசலில்தான். காயலான் கடைக்காரருக்குப் போன் போடவில்லை.

திரும்பி வரும்போது தெரு முனையில் வண்டியைத் திருப்பினேன். பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்து சுவிட்சை இரண்டு தடவை அமுக்கியது. அமுக்கிவிட்டுக் கஸ்தூரியே கேட்டாள், "நான் வண்டில கீறேன். இப்ப தோசக்கல்ல யாரு வைக்கிறது?"

"நைனா வைக்கும்" என்றாள் பிரியா.

வைத்தேன். நான் சுட்ட தோசையில் ஒரு ஓட்டைகூட விழவில்லை. அதற்கும் சிரித்தார்கள். ஆனால் கஸ்தூரி மூன்று தின்றாள்.

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆரம்பம். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வருவேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் துடைப்பக் குச்சியால் கதவு ஓட்டைகளைக் குத்திவிடுவேன். உன் சுவிட்சை யாரும் கழற்ற விடமாட்டேன். வேர்க்கடலை ஓட்டையை மட்டும் மறுபடி திறக்கச் சொல்லாதே. அது நல்ல வேலை, மச்சான். நீயே வந்து பார்த்தாலும் குறை சொல்லமாட்டாய்.

தெரு முனையில் இரண்டு தடவை ஹார்ன் கேட்டால் இனிமேல் அடுப்பில் கல்லை வைக்கிறவன்,
உன் கஸ்தூரியின் அண்ணன்,
உன் மச்சான் ஏகாம்பரம்