சுரங்கம் கைமாறிய நாளில் நடுவானில் நின்ற கூண்டு

அனுப்புநர்:
ரோப்வே பராமரிப்புத் தொழிலாளியின் மனைவி (தையல் வேலை),
பாக்சைட் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு, கடைசி வரிசை.

பெறுநர்:
மாவட்ட நிர்வாக அதிகாரி அவர்கள்,
மாவட்ட நிர்வாக அலுவலகம்.

பொருள்: சுரங்கம் கைமாறிய நாளில் என் கணவரின் உயிரைக் காப்பாற்றிய இன்ஜின் ஆபரேட்டரை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மலையில் வெட்டும் பாக்சைட் மண், ரோப்வே வாளிகளில் பள்ளத்தாக்கைக் கடந்து ரயில் நிலையத்துக்குப் போகிறது. சுரங்கத்தைத் தொடங்கியவர்கள் அண்ணன் தம்பி இருவர். பாகப்பிரிவினையில் அவர்கள் முட்டிக்கொண்டதும் ஓர் அலுமினிய ஆலை வாங்கியது. ஆலை கடனில் மூழ்கவே வங்கி எடுத்துக்கொண்டு ஏலம் விட்டது. ஏலத்தில் எடுத்த கம்பெனி சென்ற வாரம் இன்னொரு கம்பெனிக்கு விற்றது. இவ்விரண்டையும் பழைய நிர்வாகம், புதிய நிர்வாகம் என்று கீழே குறிப்பிடுகிறேன். ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகை மாறும், ஹெல்மெட்டின் நிறம் மாறும். "முதலாளி மாறினாலும் முதுகுவலி மாறலை" என்று என் கணவர் சிரிப்பார்.

2. கைமாறிய அன்று காலை அவர் ரோப்வே கம்பியில் தொங்கும் பராமரிப்புக் கூண்டில் ஏறி, கம்பியைத் தாங்கும் கோபுரங்களின் சக்கரங்களுக்கு கிரீஸ் வைக்கச் சென்றார். நண்பகலில் பழைய நிர்வாகம் மின்சாரத்தை நிறுத்தி, ரோப்வேயை இயக்கும் இன்ஜின் அறையைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தது. மேலே ஆள் உண்டா என்று எவரும் பார்க்கவில்லை. கூண்டு நடுப்பள்ளத்தாக்கில் நின்றது.

3. சேதி வந்ததும் தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். காற்று பலத்திருந்தது. கூண்டு ஊஞ்சலாக ஆடியது. அலுவலக மாடியில் பழைய மேலாளர், "மத்தியானத்தோட எங்க அதிகாரம் முடிஞ்சுதும்மா. முத்திரையைத் தொட்டா எங்க மேல கேஸ் வரும்" என்றார். கீழே புதிய நிர்வாகத்தின் அதிகாரி, "சாவி இன்னும் எங்க கைக்கு வரலை. உள்ளே இருக்கிற எதுக்கும் நாங்க பொறுப்பில்லை" என்றார். "உள்ளே இல்லீங்க, மேல தொங்குறாரு" என்றேன். வக்கீலைக் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தேன்.

4. இன்ஜின் ஆபரேட்டரை நாங்கள் 'நிதானம் அண்ணன்' என்போம். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. புதிய நிர்வாகம் அவரை வேலைக்கு எடுக்காததால், அந்த மதியத்தோடு அவரும் அங்கே வெளியாள். வீட்டுக்குக் கிளம்பியவர் என் முகத்தைப் பார்த்துப் பையைக் கீழே வைத்தார். "வாம்மா" என்றார். கடப்பாரையால் பூட்டை உடைத்து அவசர டீசல் இன்ஜினைக் கிளப்பினார். அவர் நின்ற இடத்திலிருந்து கூண்டு தெரியாது. "ஆட்டம் அதிகமானா கையைத் தூக்கு, அடங்கினா இறக்கு" என்று என்னை வாசலில் நிறுத்தினார். நான் கை தூக்கினால் நிறுத்துவார், இறக்கினால் இழுப்பார். ஒருமுறை மேகம் கூண்டை மூடிவிட்டது. தூக்குவதா இறக்குவதா என்று புரியாமல் மரம்போல் நின்றேன். அவர் கத்தவில்லை, இன்ஜினை நிறுத்தி மேகம் விலகும்வரை காத்திருந்தார். கூண்டு மேடைக்கு வந்தபோது என் கணவரின் விரல்கள் பிடிகம்பியை விடவில்லை. ஒவ்வொன்றாக நாங்கள்தான் பிரித்தோம்.

5. மறுநாள் காவல்துறையினர் அண்ணனைக் கூட்டிச் சென்றனர். அத்துமீறல், முத்திரை உடைப்பு, இயந்திரச் சேதம் என்று புகார். அன்று ஆளுக்கொரு பக்கம் கைகாட்டிய இரு நிர்வாகங்களும் இதில் மட்டும் சேர்ந்து கையெழுத்திட்டுள்ளன. "எனக்கு ஆபத்து ஏதும் இல்லை, கூண்டில் பத்திரமாகக் காத்திருந்தேன்" என்று என் கணவர் எழுதிக் கொடுத்தால் அவர் வேலை நீடிக்கும் என்கிறது புதிய நிர்வாகம். வேலை போனால் வீடும் போகும். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அப்படி எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று அவரை நான் வற்புறுத்தவும் இல்லை, எனக்கும் பயம்தான்.

6. ஆகவே, அண்ணன் மீதான புகாரைத் தாங்கள் நேரில் விசாரித்து, அவரை வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். இனி இந்தச் சுரங்கம் யார் கைக்குப் போனாலும், கைமாறும் நேரத்தில் வேலையில் இருப்பவர்களின் உயிருக்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதி வாங்கவும் வேண்டுகிறேன்.

7. இதுவரை எழுதி முடித்ததும் என் கணவர் பேனாவைக் கேட்டார். "யோசிச்சுக்கோங்க" என்றேன். "தொங்கினப்பவே யோசிச்சுட்டேன்" என்று சொல்லிக் கீழே ஒப்பமிட்டுள்ளார். அவரையும் மனுதாரராக ஏற்றுக்கொள்ளப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தொழிலாளர் குடியிருப்பு
நாள்: ஆகஸ்ட் 12

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
(ஒப்பம்) மனைவி
(ஒப்பம்) கணவர்