நீ நிறுத்தச் சொல்லாத பாட்டு

இன்று காலை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வெளியே பட்டறைக்காரர் ஒருவர் பழுத்த இரும்பை எண்ணெயில் முக்கினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் இத்தனை காலமாகியும், என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாய் என்றே பட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமலே ரயிலேறினேன்.

நம் பட்டறையில் நீ குறடால் இரும்பைப் பிடிப்பாய். நான் பின்னால் உட்கார்ந்து சம்மட்டி மிஷினின் நெம்புகோலை இழுப்பேன். நீ "போடு" என்றால் அடி விழும், "போதும்" என்றால் நிற்கும். "இரும்ப நான் பாத்துக்கறேன் நைனா. நீ என் கொரல மட்டும் கேளு" என்று முதல் நாளே சொன்னாய். அதற்கப்புறம் என் கை என் பேச்சைக் கேட்டதே இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த மிஷினை மாட்ட சுவீடனிலிருந்து வந்தானே லார்ஸ், தோள்வரை முடி வைத்துக்கொண்டு. ஊரில் மூன்று சிநேகிதர்களோடு பாட்டுக் குழு வைத்திருந்தான், டிரம்ஸ் அவனுடையது. அந்த இசைக்கு ஹெவி மெட்டல் என்று பெயர் சொன்னான். "அப்போ நாம அடிக்கிறது மட்டும் இன்னா, லேசு இரும்பா?" என்று கேட்டாய். அவன் சிரித்தபடியே நம் பட்டறைச் சத்தத்தை டேப்பில் பிடித்துக்கொண்டான். ஊருக்குப் போகும்போது அந்த டேப் ரெக்கார்டரை உனக்கே கொடுத்துவிட்டுப் போனான்.

சில மாதம் கழித்துத் தபாலில் லார்ஸின் டேப் சுருள் ஒன்று வந்தது. உன் வீட்டில் உட்கார்ந்து கேட்டோம். கிட்டார்கள் உறும, நடுவில் நீ "போடு, போடு" என்கிறாய். சொல்லுக்கு ஓர் அடியாக லார்ஸ் அடிக்கிறான். உன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ மட்டும் சிரிக்கவில்லை.

"கடைசில போதும்னு சொன்னேனே, அத்த இன்னாத்துக்கு வெட்டிட்டான்?" என்றாய்.

அடுத்த மழைக்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதை லார்ஸுக்குத் தெரிவிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் லார்ஸ் குழுவின் கொடி பறந்தது. அவன் எழுதுவதை ஆபீஸில் படித்துச் சொல்வார்கள். மதியமே இருட்டிவிடும் ஊர்களில் கூட்டம் தாங்கவில்லையாம். ஒலிபெருக்கியில் நீ "போடு" என்றதும், பொருள் தெரியாத அத்தனை பேரும் "போடு" என்று திருப்பிக் கத்துகிறார்களாம். நாங்கள் எரித்துவிட்டு வந்த உன்னோடு அங்கே ஓர் ஊரே பேசிக்கொண்டிருந்தது.

பிறகு வந்த கடிதங்களில் பயம் இருந்தது. அந்தப் பாட்டை அவர்களால் முடிக்க முடியவில்லை. டேப்பை நிறுத்தினாலும் லார்ஸின் கை நிற்கவில்லை. மேடையிலேயே அவனைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கிட்டார்காரர்கள் பயந்து ஒவ்வொருவராக விலகினார்கள், கூட்டமும் கரைந்தது. சாப்பாட்டு மேசையில்கூட அவன் கை அடித்துக்கொண்டே இருந்ததாம், மணிக்கட்டு வீங்கிவிட்டதாம். "அவரை ஒரு முறை 'போதும்' என்று டேப்பில் சொல்லச் சொல்லி அனுப்பு. இல்லாவிட்டால் என் கை போய்விடும்" என்று எழுதியிருந்தான். மற்றவர்கள் கிறுக்கன் என்றார்கள். எனக்கு மட்டும் புரிந்தது.

உன் வீட்டுக்குப் போனேன். உன்னைப்போலவே குரலை இறக்கி நானே 'போதும்' சொல்லிவிடுவது என்று ரெக்கார்டரை ஓடவிட்டேன். உன் மனைவி சுவரோரமாக நின்றிருந்தாள். ரெக்கார்டரைப் போடுமுன் அவள் சொல்லியிருந்தது ஒன்றுதான்.

"அத்த நீ சொல்லாத அண்ணே. சொல்லிட்டா அவரு மெய்யாலுமே பூடுவாரு."

அவன் கையா, நீயா என்று ஆகிவிட்டது எனக்கு. வாயைத் திறந்தேன், வரவில்லை. சுருள் தீரும்வரை இருவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வெறும் சுருளைக் கேட்டுக்கூடப் பார்க்காமல் தபாலில் போட்டேன்.

லார்ஸின் கடைசிக் கடிதம் சின்னது. கை நின்றுவிட்டது, குழுவைக் கலைத்துவிட்டேன், தச்சு வேலைக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தான். "அவருக்கு நன்றி சொல். சுருள் முடியும் இடத்தில் ஒரே ஒரு தடவை, மெதுவாகச் சொன்னார்."

உன் மனைவியிடம் சொன்னேன். "நோவுல பேசின கொரலா, நல்லா இருக்கச்சொல்ல பேசின கொரலா?" என்று கேட்டாள். பட்டறைக் குரல்தான் என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும்?

கண்காணாத ஊரில் அவனுக்குச் சொல்லிவிட்டாய். பக்கத்திலேயே இருந்த எனக்கு இன்னும் சொல்லவில்லை. விருந்துகளில் சோறு போடும்போது எல்லாரும் "போதும்" என்பார்கள். அந்தச் சொல் உன்னுடையது. நான் இலைக்குக் குறுக்கே கையை மட்டும் நீட்டுகிறேன்.