ஹார்லன் விட்ட சந்து

செப்டம்பர் 5, செவ்வாய்

எங்கள் ஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் கோச் பெவின்ஸுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. எதிரணியைத் தடுக்கும் முன்வரிசையை நாலு பேரிலிருந்து மூணாகக் குறைத்துவிட்டார். பந்துக்காரனுக்கு வழி உண்டாக்க மோதிவரும் எதிரணித் தடியன்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு சந்துக்கும் எங்களில் ஒருத்தன் பொறுப்பு. ஆள் குறைந்தால் சந்து குறையுமா? நடுவில் நிற்கும் ஹார்லன் தலையில் இப்போது ரெண்டு. அவன் ரெண்டு பேரைத் தன்மேல் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றால், பின்னால் லைன்பேக்கராக நிற்கும் நான் பந்தோடு வருபவனைச் சாய்ப்பேன்.

"உதை எனக்கு, பேரு உனக்கா?" என்றான் ஹார்லன்.

"பின்ன உடம்பை எதுக்குடா வளர்த்திருக்கே?" என்றேன். சிரித்தான்.

செப்டம்பர் 16

மறுபடியும் ஜெயம். கல்லூரி அணிக்கு ஆள் எடுக்கும் டில்மன் வந்திருந்தார். எனக்கு முழு ஸ்காலர்ஷிப் தருவாராம்! அம்மா ஸ்கூல் பஸ் ஓட்டும் சம்பளத்தில் கல்லூரியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஹார்லனை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்க்கிங்கில் அவன் அப்பா எல்லார் முன்னாலும், "மைக்ல உன் பேரு ஒரு தடவைகூட வரலையேடா" என்றார். பாவமாக இருந்தது.

செப்டம்பர் 22, வெள்ளி

முட்டி.

செப்டம்பர் 24

முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது. லப்பக் ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். இந்த வருஷம் அவ்வளவுதான். என்ன நடந்ததென்றே புரியவில்லை — ஓடினேன், பக்கவாட்டில் ஏதோ மோதியது. அதே நேரம் ஹார்லன் பந்துக்காரனை மடக்கிச் சாய்த்திருக்கிறான். அரங்கமே அவன் பேரைக் கத்தியது. நான் கீழே கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஹார்லன் புகைபோட்ட மாட்டிறைச்சி கொண்டுவந்தான். மேஜையில் வைத்துவிட்டு உடனே போய்விட்டான்.

செப்டம்பர் 26

கோச் அறையில் வீடியோ பார்த்தேன். ஹார்லன் இடப்பக்கம் பாய்கிறான். வலது சந்து ஆவென்று கிடக்கிறது. அவன் பிடித்து வைக்க வேண்டிய தடியன் அதில் நுழைந்து நேராக என் முட்டிக்கு —

ஐயோ. திரும்பப் போடச் சொன்னேன். மறுபடியும். ஹார்லனா? ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து என்கூடச் சுத்துறவனா?

"அவனுக்குத் தெரியுமா கோச்?"

"அன்னிக்கு ராத்திரியே பார்த்துட்டான்."

பார்த்துட்டா கறி கொண்டுவந்தான்!

அக்டோபர் 3

வந்தான். "அப்பாவுக்காக ஒரே ஒரு தடவைன்னு..."

"வெளியே போடா!" நான் கத்தியதில் அம்மா பதறி ஓடிவந்தாள்.

அக்டோபர் 11

ஸ்காலர்ஷிப் போச்சு.

அக்டோபர் 28

நேற்று பெஞ்சிலிருந்து பார்த்தேன். ஹார்லன் மேல் ரெண்டு பேர், சமயத்தில் மூணு பேர். அவன் அசையவேயில்லை. என் இடத்தில் ஆடும் பையன் கொடி நாட்டிவிட்டான். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

நவம்பர் 9

டில்மன் போன் செய்தார். என்னைத்தான் எடுக்கப் போகிறாரோ என்று நினைத்தேன்.

"உங்க டீம்ல நடுவுல நிக்கிறானே, அவனை எடுக்கலாம்னு பார்க்கிறேன். ஒரு வீடியோல சந்தை விட்டுட்டு ஓடுறான். பின்னாடி நின்னு ஆடினவனுக்குத்தான் உண்மை தெரியும். அவனை நம்பலாமா தம்பி?"

என்னிடமா கேட்கிறார்? அந்த வீடியோவில் கீழே கிடப்பது யாரென்று பார்க்கவில்லையா?

"அன்னிக்கு அவன் பின்னாடி நின்னது நான்தான் சார்."

"அப்போ அதுல கீழே கிடந்தது நீயா?" என்றார்.

"நம்பலாம்," என்றேன். "இனி நகர மாட்டான்."

போனை வைத்துவிட்டு அழுதேன். அம்மா கேட்டதற்குக் கால் வலி என்று சொன்னேன்.