ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவன்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே.

போன வாரம் கடைக்கு வெங்காயம் எடுக்க இரண்டு நாள் லாரியில் போனேன். இது இலையுதிர் காலம். வழியெல்லாம் மொட்டை மரங்களும், அறுத்துப்போட்ட காய்ந்த வயல்களும், புழுதியும்தான். டிரைவர் தம்பி தன் பெண்டாட்டியையும் கூட்டி வந்திருந்தான். அவள் ஆரஞ்சு உரித்து, கொட்டை நீக்கி, அவன் வாயில் போட்டுக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, உங்களுக்கு ஒரு சுளை?"

"எனக்குப் புளிப்பு ஆகாதும்மா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். புளிப்புக்கு நான் எப்படிப் பறப்பேன் என்று உனக்குத் தெரியும். வயிறு எரிந்தது.

மூட்டையின் அடிவரை கைவிட்டுப் பார்க்காமல் நான் சரக்கு எடுத்ததுண்டா? அன்று எடுத்தேன். மரத்தடியில் அவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே மேலாகப் பார்த்துத் தலையாட்டிவிட்டேன். இங்கே வந்து அவிழ்த்தால் அடியில் பாதி முளைவிட்டிருந்தது. பெரிய நஷ்டமில்லை, கவலைப்படாதே.

நீ வருகிறேன் என்றபோது, "இங்க வந்து என்ன பண்ணப் போற?" என்று வாயை அடைத்தவன் நான்தான். இப்போது இரண்டு சட்டையில் பொத்தான் இல்லை. ஊசி நூலோடு நீயே வந்துவிடு. அடுத்த மாதம் மறுபடியும் அதே லாரியில்தான் போகிறேன்.

கீழே சரக்கு இறக்க வந்த வண்டிக்காரன் ஹார்ன் அடிக்கிறான், கிளம்புகிறேன். ஆரஞ்சு நான் வாங்கி வைக்கிறேன். இந்த முறை அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளட்டும்.

உன் வீட்டுக்காரன்