இளநீர் மட்டை யாருடையது

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். இளநீர் ஓடுகிற மாதம். மட்டையும் நிறைய வரும். இடது பக்கம் பின்பல்லில் வலி, கிராம்பு வைத்திருக்கிறேன்.

வாங்க: மெஷினுக்கு பெல்ட். சாக்கு தைக்க நூல். துவரம்பருப்பு. வீட்டுக்காரருக்கு பிளேடு.

எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் மாரியப்பன் போன், உக்கடத்திலிருந்து.

"அக்கா, வண்டிய மறிச்சுப்போட்டாங்க. இந்தப் பக்கம் குப்பை எடுக்கற உரிமை இனி அவிங்களுக்கு மட்டுந்தானாமா. புது காண்ட்ராக்ட்டுங்க."

"நாம எடுக்கறது குப்பையில்ல, எளநி மட்டைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனுங்க. எறக்குன்னாங்க. எறக்கிப்போட்டேன்."

குளக்கரை ரோட்டு இளநீர்க் கடைகளில் காலையிலிருந்து ஏற்றிய அத்தனையும் ரோட்டோரத்தில். கிணத்துக்கடவில் எங்கள் ஷெட்டுக்கு வண்டி காலியாக வந்தது. ஷெட் போட்ட நாளிலிருந்து அந்த வண்டி காலியாகத் திரும்பி நான் பார்த்ததில்லை. மட்டை அரைக்கிற மெஷின் மதியத்துக்கு மேல் சும்மா நின்றது. சரசுவும் மற்ற பெண்களும் நேற்று அரைத்ததைக் காயப்போட்டுக் கிளறினார்கள். மட்டையை அரைத்துச் செய்கிற உரம் அடுத்த வாரம் நர்சரிக்காரர்களுக்குப் போக வேண்டும்.

கிளம்பும்போது சரசு: "நாளைக்கு வரட்டுங்களா, வேண்டாங்களா?"

வா என்றேன். எதை நம்பிச் சொன்னேன், தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

நானே உக்கடம் போனேன், பஸ்ஸில். உட்கார இடம் இல்லை. பின்னால் ஒரு பாட்டு, யாருடைய போனிலோ, அதே வரி திரும்பத் திரும்ப.

நேற்று இறக்கிய மட்டை அப்படியே கிடக்கிறது. ஈ.

நேராகக் காதர் பாய் கடைக்கு. எங்களுக்கு முதல் முதலில் மட்டை கொடுத்தவர் அவர்தான். மற்ற கடைக்காரர்களிடமும் சொல்லிப் பழக்கிவிட்டவர். நோன்பு நாள். தான் ஒரு சொட்டுக் குடிக்காமல் ஊருக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றைச் சீவி நீட்டினார்.

"குடி தங்கச்சி. கன்னத்துல கைய வெச்சுட்டு நிக்காத."

"பல் வலி பாய்."

"அப்ப வழுக்கையா எடுத்துத் தர்றேன்."

காண்ட்ராக்டர் ஆட்கள் எல்லாக் கடைக்கும் வந்து போயிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம். ஆனால் வேறு யாருக்காவது மட்டை கொடுத்தால் மாநகராட்சி அலுவலகத்தில் புகார் போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். பிளாட்பாரக் கடைக்குப் புகார் என்றாலே பயம். மறுநாளே கடை இருக்குமா என்று யாருக்குத் தெரியும்.

"நான் கீழ போட்டாத்தானே அது குப்பை," என்றார் பாய். "உன் கையில குடுத்தா சரக்குதானே? இத்தனை வருசமா சரக்கா இருந்தது ஒரே நாள்ல எப்படிம்மா குப்பையாச்சு?"

எனக்கும் அதே கேள்வி. பதில் சொல்ல ஆள்தான் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். ஈஸி சேரில் சாய்ந்தபடி கேட்டார். பிறகு, "உடுமலையில சித்தப்பா தோப்பப் பாத்துக்க ஆளு தேடிட்டு இருக்காரு. போயிரலாம். ஊரான் குப்பைக்கு எதுக்கு சண்டை?" என்றார்.

குப்பை. அவரும் அதையே சொல்கிறார். எழுந்து போய்ப் பருப்பைத் தாளித்தேன். கடுகு கருகிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

காண்ட்ராக்டரைப் பார்த்தேன். ரங்கசாமி நாயுடு. அறுபது இருக்கும், வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. முரடராக இருப்பார் என்று நினைத்து, பஸ்ஸிலேயே நாலு வார்த்தை கடுமையாகத் தயார் செய்து போனேன். எழுந்து நின்று நாற்காலி எடுத்துப் போட்டார். நான் தயார் செய்தது எல்லாம் மறந்துவிட்டது.

"காப்பி குடிங்க அம்மணி. மட்டைய மட்டும் கேக்காதீங்க."

அவர் பக்கத்துக் கதை: அப்பா காலத்து ஸ்பின்னிங் மில் மூடியாகிவிட்டது. இருந்த இடத்தை அடமானம் வைத்து லாரிகள் வாங்கி இந்த காண்ட்ராக்ட்டை எடுத்திருக்கிறார். இந்தப் பகுதியில் எல்லாக் குப்பையையும் எடுத்தே ஆக வேண்டும். கூலி எடைக்குத்தான். மட்டையைப் போல எடை நிற்பது வேறு எதுவும் இல்லை.

"நீங்க அஞ்சு வருசமா எடுக்கறீங்க, வாஸ்தவம். நான் இந்த மாசந்தான் வந்தேன். ஆனா கையெழுத்துப் போட்டவன் நானுங்களே."

காப்பி நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

பெண்கள் இன்று ஷெட்டைக் கூட்டிக் கழுவினார்கள். நாளைக்குக் கழுவ ஷெட்டில் எதுவும் பாக்கி இல்லை.

மார்ச் 10, திங்கள்

இரண்டு விஷயம், இரண்டும் பிடுங்கல்.

ஒன்று, பல். ஆர்.எஸ்.புரத்தில் டாக்டர். வேர் வளைந்திருக்கிறதாம், நேரம் எடுத்தது. வாய் முழுக்கப் பஞ்சு.

இரண்டு, மாரியப்பன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றான். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணையில் வண்டி ஓட்டக் கூப்பிடுகிறார்களாம். "நீங்க என்ன சொல்றீங்களோ அதாங்க்கா." பஞ்சோடு என்ன சொல்வது. தலையாட்டினேன். போய் வா என்று எடுத்துக்கொண்டான். அப்படித்தான் ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை. அவனுக்கும் குழந்தை குட்டி இருக்கிறது.

மதியம் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலிருந்து போன். வெள்ளிக்கிழமை நாயுடுவைப் பார்த்துவிட்டு வரும் வழியில் நான் கொடுத்த மனுவுக்கு புதன்கிழமை விசாரணை, இரு தரப்பும் வர வேண்டும். "ம்ம், ம்ம்" என்றேன். அந்தப் பக்கம், "மேடம், கேக்குதுங்களா?"

வீட்டுக்காரர் போனை வாங்கி, "வருவாங்க," என்றார். அவராக வாங்கிப் பேசினார். நான் கேட்கவில்லை.

மார்ச் 12, புதன்

நீளமான நாள். கை வலிக்கும்வரை எழுதியாக வேண்டும்.

விசாரணைக்குக் காதர் பாய் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். வராதீர்கள், உங்கள் கடைக்கு ஆபத்து என்று முன்பே சொல்லியிருந்தேன். "கடை எங்க போயிரும்" என்று வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதிகாரி ஒரு பெண், சின்ன வயதுதான். இரண்டு பேரையும் பேச விட்டார்.

பாய்: "ரோட்டுல எறிஞ்சா குப்பைங்க. இந்தம்மா சாக்கப் புடிச்சுட்டு நிக்கறாங்க, அதுல போடறேன். அது எப்படிங்க குப்பை?"

நாயுடு கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "அந்தக் கணக்குல பாத்தா பேப்பரைக் கையில குடுத்தாலும் குப்பையில்லீங்க, பாட்டிலைக் கையில குடுத்தாலும் குப்பையில்லீங்க. இன்னைக்கு இவிங்க மட்டைய எடுப்பாங்க, நாளைக்கு இன்னொருத்தர் அட்டைப்பெட்டியை எடுப்பாரு. எனக்கு மிஞ்சறது ஊசிப்போன சோறுந்தான். அதையும் எடுக்கலைன்னா என்னையத்தான் கேப்பீங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குத் தொந்தரவு. ஒரு வாரமாக இந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவ்வளவுதான். வெளியே வந்து படியில் நின்றோம். பாய்க்கு நோன்பு, முகம் வாடியிருந்தது.

அப்போது, பின்னாலேயே வந்த நாயுடுவுக்கு போன். தெலுங்கில் ஏதோ கேட்டார், பிறகு தமிழில், "கை போச்சா? எந்தக் கை?" முகம் வெளுத்துவிட்டது. குளக்கரையில் அவருடைய லாரி நின்றுவிட்டது. ஒரு ஆளுக்கு அடி. அவருடைய காரையும் டிரைவர் அங்கேதான் எடுத்துப் போயிருந்தான். பாய் தன் ஸ்கூட்டரைக் காட்டி, "ஏறுங்க," என்றார். இத்தனை நேரம் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடியவர்கள். நான் பின்னால் ஆட்டோவில்.

போய்ப் பார்த்தால், குப்பையை அமுக்கி உள்ளே தள்ளுகிற பெரிய லாரி. பின்பக்க இரும்புத் தட்டுக்கு நடுவே இளநீர் மட்டைகள் செருகிக்கொண்டு தட்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மட்டையைக் கையால் இழுக்கப் போய் ஒரு பையனுக்கு உள்ளங்கை கிழிந்திருந்தது. விரல்கள் எல்லாம் இருந்தன, நல்லவேளை. பாய் தன் தோள் துண்டைச் சுற்றிக் கட்டி, அதே ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

மனதில் ஒரு நொடி, நன்றாக வேண்டும் என்று ஓடியது உண்மை. ரத்தத்தைப் பார்த்ததும் நின்றது.

நாயுடு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். "ரெண்டாவது தடவைங்க இது. போன வாரமும் இதே தட்டுத்தான்." மட்டை அமுங்காது, துள்ளும். எங்கள் மெஷினுக்கே பல் வைத்து முதலில் கிழித்துத்தான் அரைக்கிறோம்.

அங்கேயே நின்றபடி சொன்னேன். யோசித்து வைத்ததில்லை.

"ஏனுங்க, உரிமை உங்களுதாவே இருக்கட்டும். வண்டி எங்களுது. ஏத்தி, மொதல்ல உங்க எடை மேடைக்குக் கொண்டாறோம். எடை உங்களுது. அப்பறம் மட்டை எங்களுது. உங்க லாரியும் பொழைக்கும்."

"மட்டை மட்டுந்தானா?"

"ஒரு பாட்டில் எங்க வண்டியில கெடந்தாலும் வண்டிய நிறுத்திக்குங்க."

எழுந்து போய்த் தட்டில் செருகியிருந்த மட்டையைத் தொட்டுப் பார்த்தார். "மேடத்துகிட்டக் கேக்கணும். அவிங்களுக்குத் தெரியாம எதும் செய்யக்கூடாது."

முடியாது என்று சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. பல் எடுத்த இடம் பரவாயில்லை, ரசம் சாதம்.

வீட்டில் சண்டை போட்டோம். நாயுடு அனுப்பிய செய்தி: அதிகாரி சம்மதித்தால் வண்டியில் அவருடைய போர்டு மாட்ட வேண்டும், அவர் ஆள் என்று.

"நம்ம வண்டியில இன்னொருத்தன் பேரா?" என்றார் வீட்டுக்காரர். "அப்பறம் நீ யாரு, அவங்கிட்ட வேலைக்காரியா?"

எனக்கும் அது உறுத்தாமல் இல்லை. ஷெட்டுக்குப் பேர் வைத்ததே நான்தான், அந்தப் பெயரை வண்டிக் கதவில் எழுதும்போது பக்கத்திலேயே நின்றவள். ஆனால் சொன்னேன்: "போர்டு வண்டிக்குத்தானுங்க. எனக்கில்ல. சரசு நாளைக்கும் வரட்டுங்களான்னு கேப்பா. அவளுக்கு நான் கதவுல எழுதுன பேரையா காட்ட முடியும்?"

எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து எங்கள் வண்டிக்கு அடியில் டார்ச். வீல் நட்டுகளை முறுக்கும் சத்தம். டிரைவர் இல்லாத வண்டிக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

உடுமலைச் சித்தப்பா போன் செய்தார். இவர் எடுக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

சம்மதம். ஒரு மாதத்துக்கு மட்டும், பார்த்துவிட்டு மேற்கொண்டு. மட்டை குப்பையா சரக்கா என்று அதிகாரி கடைசிவரை சொல்லவில்லை. "அது எங்க போய்ச் சேருதுங்கறதுதான் எனக்கு முக்கியம்" என்றார். குப்பைக் கிடங்கில் போய் மக்காமல் கிடப்பதைவிட உரமாவது நல்லது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. வீட்டுக்காரரே ஓட்டினார். இன்றைக்கு மட்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ஏறினார்.

முதலில் அன்றைக்கு மாரியப்பன் இறக்கிப் போட்ட அந்தப் பழைய குவியல். அழுகி, அடியில் புழு. சரசுவும் இரண்டு பெண்களும் கூடவே வந்தார்கள், வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. நாயுடு ஆட்களும் கை கொடுத்தார்கள். கையில் கட்டோடு அந்தப் பையன், ஓரமாக நின்று எந்தச் சாக்கை எங்கே வைப்பது என்று எல்லாருக்கும் உத்தரவு.

காதர் பாய் கடையில் புதுச் சாக்கு தொங்குகிறது. மட்டைக்கு மட்டும் என்று அவரே எழுதி ஒட்டியிருக்கிறார். மட்டை என்பதற்கு ஒரு ட் குறைவு. சொல்லவில்லை.

எடை மேடையில் நாயுடு முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்தனையா அம்மணி?"

"வெயில் காலமுங்க. இனி இன்னும் வரும்."

மதியம் மெஷின் ஓடியது. அந்தச் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது. அப்படியும் எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

மார்ச் 21, வெள்ளி

லேசான தூறல், காயப்போட்டதை ஓடி ஓடி மூடினோம். உரம் பாதி நர்சரிக்குப் போனது, மீதி திங்கள். வண்டி ஓட்ட இன்னும் ஆள் கிடைக்கவில்லை, தினமும் இன்றைக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு இவரே ஏறுகிறார்.

ஒரு கடைக்காரர் சாக்கின் அடியில் பிளாஸ்டிக் கப் போட்டிருந்தார். திருப்பிக் கொட்டிக் காட்டினேன். முறைத்தார். முறைக்கட்டும், நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு மாதம் முடிந்தால் என்ன என்ற பயம் இருக்கிறது. அதற்குள் எவனாவது குறைந்த கூலிக்கு வருவான். அதிகாரி மாறலாம். இல்லை என்று எழுதினால் பொய்.

ஆனாலும் நாயுடு இன்று போன் செய்தார். ஆர்.எஸ்.புரம் பக்கம் காண்ட்ராக்ட் எடுத்திருப்பவர் அவருக்குத் தெரிந்தவராம். அங்கேயும் லாரித் தட்டு நின்றுவிட்டது. "அங்கயும் ஒரு நடை ஓட்டிப் பாக்கறீங்களா அம்மணி? நான் சொல்லி வெச்சிருக்கேன்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். திரும்பினால் வீட்டுக்காரர் வாசற்படியில், எல்லாம் கேட்டுக்கொண்டு.

"ஆர்.எஸ்.புரம்னா காலையில நேரத்துல போயிரோணும்," என்றார். "பள்ளிக்கூட வண்டிக வந்துட்டா திரும்ப எடமிருக்காது."

"யாரு போறது? டிரைவர் இல்லீங்களே."

உள்ளே போனார். இஸ்திரிப் பெட்டி போட்ட சத்தம். எட்டிப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் போடுகிற அந்த நீலச் சட்டையை விரித்து வைத்துக் காலரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், நாளைக்கு மட்டை ஏற்றப் போகிற மனுஷன்.