சிங்கப்பூர் நாலு மணி நேரம்

ஜூலை 9, புதன்

மாலையில் சிங்கப்பூரிலிருந்து அண்ணன் போன் செய்தான். அப்பாவின் நிலத்தைப் பதிய வெள்ளிக்கிழமை வருகிறானாம். என் கையெழுத்து வேண்டுமாம். லீவு கிடைக்குமா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு லீவு? பிளைட்டு நாலு மணி நேரந்தான். காலைல ஏறுனா மதியானம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருப்பேன். ராத்திரியே திரும்பிடுவேன்."

நாலு மணி நேரம்.

தவக்காலத்தில் ஒரு விடிகாலை அப்பா செத்தபோது இதே வாய் என்ன சொன்னது? "ரொம்ப தூரம்மா. பிளைட்லயே ஒரு நாள் பூடும். எனக்காகக் காத்துட்டிருக்காதீங்க, முடிச்சிடுங்க."

எங்கள் வீட்டில் வேறு யாரும் விமானம் ஏறியதில்லை. நம்பிவிட்டோம். மூத்த மகன் முகம் பார்க்காமல் பெட்டியை மூடக் கூடாது என்று அம்மா அதன்மேல் விழுந்து கிடந்தாள். சாமியார் ஜெபப் புத்தகத்தோடு இருட்டும்வரை நின்றார். கடைசியில் அவன் போடவேண்டிய முதல் பிடி மண்ணை நான்தான் போட்டேன். நகக்கண்ணில் ஏறிய அந்த மண் மூன்று நாள் போகவில்லை.

போனில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "வாண்ணே, நானும் வந்துடுறேன்" என்றேன்.

வரட்டும். வில்லியனூர் பதிவு அலுவலகத்தில் டோக்கனோடு உட்காரட்டும். நான் இருக்கும் ஏம்பலத்திலிருந்து பஸ்ஸில் அரை மணிதான். "எங்கடி கீற?" என்று கூப்பிடுவான். நான் படுத்தபடியே சொல்வேன்:

"ரொம்ப தூரம்ணே. எனக்காகக் காத்துட்டிருக்காத, நீயே முடிச்சிடு."